ஆண்கள் வாட்டில் ஒரு பதினேழு வயது

ஆஸ்பத்திரியின் நடைவழி ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் சிறுவர் வாட்டு. சுவரில் முயலும் மீனும் வரைந்திருக்கும். வலப்பக்கம் பெரியவர்களுக்கான அவசர சிகிச்சைப் பிரிவு, அதில் ஆண்களுக்குத் தனிப் பகுதி. தள்ளுவண்டியில் கிடந்த என்னைப் பார்த்து ஊழியர், "வயசென்ன?" என்று கேட்டார். "பதினேழு" என்றார் அப்பா. வண்டி வலப்பக்கம் திரும்பியது.

விதி அப்படித்தான். சிறுவர் வாட்டின் வயதை நான் தாண்டியிருந்தேன். ஆனால் அந்தத் திருப்பத்தோடு அம்மா வெளியே நின்றுவிட்டார். பார்வையாளர் நேரம் தவிர ஆண்கள் பகுதிக்குள் பெண்கள் நிற்கக் கூடாது. என் உடம்பில் ஒரு மாதமாக நடந்ததையெல்லாம் பார்த்திருந்த ஒரே ஆள் வாசல் கேற்றுக்கு வெளியே இருந்தார்.

இதில் எங்கள் குடும்பத்துக்கே உரிய ஒரு பிழையும் சேர்ந்துகொண்டது. அப்பாவின் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். எங்கள் வீட்டில் உயர்தர வகுப்பு வரை படித்த முதல் ஆள் நான். பிரதேச செயலகமோ வங்கியோ, எங்கே போனாலும் அப்பா என்னை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் நிற்பார். அன்றும் டொக்டர் "என்ன செய்யுது?" என்று கேட்டபோது அவர் ஓரடி பின்னால் போனார்.

"அவனே சொல்லுவான் ஐயா. படிச்ச புள்ள. எனக்கு அவ்வளவா வெளங்காது."

படித்த பிள்ளைக்கு நாக்கு அண்ணத்தோடு ஒட்டியிருந்தது. "வயித்துக்குள்ள நோகுது, சத்தி" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. டொக்டர் குனிந்தார். என் மூச்சில் ஏதோ மணத்திருக்க வேண்டும். முகத்தைச் சற்று விலக்கினார்.

"என்ன குடிச்சனீர்? ஒளிக்காமல் சொல்லும்."

"ஒண்டும் இல்லை."

"எல்லாரும் முதல் அப்பிடித்தான் சொல்லுறது."

சேலைன் ஏற்றிவிட்டு, நெஞ்சு வலியோடு வந்த ஒருவரிடம் ஓடினார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்தில் இப்படி வாந்தியெடுத்துக்கொண்டு மயங்கி வரும் என் வயதுப் பெடியன்களில் பலர் உண்மையிலேயே கசிப்பு என்ற கள்ளச் சாராயம் குடித்தவர்கள்.

பக்கத்துக் கட்டிலில், உழவு இயந்திரத்தில் கால் நசிந்த ஒருவர் படுத்திருந்தார். வலியோடும் அவருக்குப் பகிடி வந்தது.

"தம்பிக்குக் கன்னி முயற்சி போல. பழகாத உடம்பு, தாங்காது."

"அடுத்தமுறை சோடா கலந்து அடியும்" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என் காதருகே வந்து கேட்டார்: "குடிக்கல தானே?"

"இல்லப்பா."

"தெரியும்" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

படுத்தபடியே ஓடிக்கொண்டிருப்பதுபோல எனக்கு மூச்சு வாங்கியது. நிறுத்த முடியவில்லை. கால்கள் தம்பாட்டில் அசைந்தன. விரிப்பை உதைத்தேன், எழும்பப் பார்த்தேன். "பேசாமல் படும். வெறி தானா இறங்கும்" என்றார் ஊழியர். கண்ணை மூடினால் திரும்பத் திறக்க மாட்டேன் என்று நினைத்தேன். அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

பிறகு வந்தவர் ஓர் இளம் பெண் டொக்டர். அன்றுதான் சிறுவர் வாட்டிலிருந்து மாறி வந்தவராம். என்னைப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"அம்மா எங்க?"

"வெளியில. இது ஆம்பிளையள் பகுதி, டொக்டர்" என்றார் ஊழியர்.

"தெரியும். அம்மாவைக் கூப்பிடுங்கோ. அங்க நாங்கள் முதல் அம்மாவைத்தான் கேக்கிறது."

அம்மா முந்தானையைக் கையில் இறுக்கிக்கொண்டு வந்தார். இத்தனை ஆண்கள் முன்னிலையில் வளர்ந்த மகனின் சிறுநீரைப் பற்றிப் பேச அவருக்குக் கூசியது. என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு மாசமா தண்ணி தண்ணின்னே கெடந்தான் மிஸ். திங்கிறான், ஆனா காச்சட்டை இடுப்புல நிக்கல. ராவெல்லாம் எந்திரிச்சுப் போறான். அவன் போற எடத்துல எறும்பு மொய்க்குது."

டொக்டர் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏனம்மா முதலே சொல்லேல்லை?"

"யாரும் என்னைய கேக்கலையே."

விரலில் ஊசி குத்தினார்கள். சிறு கருவியில் எண்ணே வரவில்லை. அது அளக்கக்கூடிய எல்லையை இரத்தத்திலுள்ள சீனி தாண்டியிருந்தது. அதன்பின் எல்லாரும் ஓடினார்கள். எனக்கு வந்திருந்தது முதலாம் வகை நீரிழிவு (உடல் இன்சுலினைச் சுரப்பதை நிறுத்திவிடுவது, பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் அதிகம் வரும்). இன்சுலின் இல்லாதபோது உடல் கொழுப்பை எரிக்கும். அதனால் கீற்றோன் (இரத்தத்தை அமிலமாக்கும் ஒருவகைப் பொருள்) சேரும். என் மூச்சில் மணத்தது அதுதான். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் நினைவு திரும்பியிராது என்று பின்னர் சொன்னார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பக்கத்துக் கட்டில்காரர் கையை நீட்டினார். "தம்பி, பகிடிக்குச் சொன்னனான். மனசில வைக்காதையும்." நான் தலையாட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

உயிர் பிழைத்த பிறகும் அந்த நடைவழி என்னை விடவில்லை. பெரியவர்களுக்கான கிளினிக்கில் முதல் நாள் நீள வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கால்புண்ணுக்குத் துணி சுற்றிய ஓர் ஐயா.

"ஆருக்கு மருந்தெடுக்க வந்தனீர், அப்பாவுக்கோ?"

"எனக்குத்தான் ஐயா."

"உந்த வயசிலையோ! சீனியைக் களவெடுத்துத் திண்டனீரோ?"

உள்ளே எல்லாருக்கும் ஒரே அறிவுரை: சோற்றைக் குறையுங்கோ, உடம்பைக் குறையுங்கோ. குறைக்க என்னிடம் உடம்பு இருக்கவில்லை. ஊசி போடும் முறையை ஒரே தடவை காட்டினார்கள். "படிச்ச பெடியன், விளங்கும்" என்றார்கள். விளங்கியது பாதி. மீதியை நானும் அம்மாவும் பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தான் கற்றோம்.

இதே நோயோடு இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை உங்களை விட உயரமாக இருக்கலாம். உங்களை விடப் படித்திருக்கலாம். நோய் முற்றியிருக்கும்போது அவனால் தன்னைச் சொல்ல முடியாது. கேற்றில் மறித்தால், நீங்கள் கண்டதை உள்ளே போகும் யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள். கூச்சமாக இருந்தாலும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் கிளினிக்குக்கு அம்மாவைக் கூட்டிப் போகிறேன். "பெரிய ஆள் தானே, அம்மா என்னத்துக்கு?" என்று கேட்பார்கள். போன முறை அங்கிருந்த பெண் டொக்டர், "நித்திரையில சீனி இறங்கிறதோ?" என்று கேட்டார். சீனி அளவுக்கு மீறி இறங்கினால் வேர்க்கும், நடுங்கும், நினைவு தப்பும். நித்திரையில் நமக்கே தெரியாமலும் நடக்கலாம்.

"இல்லை" என்றேன்.

"இருக்கு" என்றார் பின்னால் நின்ற அம்மா.

திரும்பிப் பார்த்தேன்.

"நீ தூங்குவ. நான் கழுத்தைத் தொட்டுப் பாப்பேன். வேர்த்திருந்தா எழுப்பி சீனித்தண்ணி குடுப்பேன். அரைத் தூக்கத்துல குடிச்சிட்டு, திட்டிட்டுப் படுத்துக்குவ."

"என்னத்தைத் திட்டினான்?" என்று டொக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அதெல்லாம் இங்க சொல்ல முடியாது மிஸ்."

இரவு ஊசியின் அளவைக் குறைத்தார்கள். சாப்பாடு, ஊசி, மறுபடி சாப்பாடு என்று என் நாளின் ஒவ்வொரு மணியும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நான் இல்லாமலே என் உடம்பு வாழ்ந்த மணித்தியாலங்கள் இருந்திருக்கின்றன. அவற்றில் நான் வேர்த்திருக்கிறேன், குடித்திருக்கிறேன், கோபப்பட்டிருக்கிறேன். ஒன்றுகூட நினைவில் இல்லை.

இனி யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம். அறையில் என்னோடு இருக்கப் போகிறவனோடு தொலைபேசியில் ஒருமுறை கதைத்திருக்கிறேன். மின்விசிறிக்குக் கீழுள்ள கட்டில் தனக்கு வேண்டும் என்றான்; ஓம் என்றேன். இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. இரவில் விழிப்பு வந்தால் என் கழுத்தை ஒருமுறை தொட்டுப் பார் என்று, முகம் தெரியாத ஒருவனிடம் எப்படிக் கேட்பது? இரண்டு தடவை எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்க முன்னர் துண்டித்துவிட்டேன். இதை எழுதி முடித்ததும் மூன்றாம் தடவை அழைப்பு எடுப்பேன்.