அக்கா சொல்லாத பதில்

அக்கா ஆண்டவரிடம் போய் ஒரு வருடம் ஆகிறது. நான் அதிகம் படித்தவன் இல்லை. கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், அக்காவை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது குளச்சல் பக்கம். அப்பா கடலில் மூழ்கிப் போனபின் அம்மா மீன் சுமந்தார்கள். அக்கா பள்ளியை விட்டுவிட்டுக் கயிறு திரித்தார்கள். என்னைப் பட்டினி போட்டதில்லை. பிறகு திருவனந்தபுரத்தில் கன்னியர் மடத்தில் சேர்ந்தார்கள். நானும் பிழைப்புக்கு அங்கே சாலைக் கடைத்தெருவுக்கு வந்து மூட்டை சுமந்தேன்.

மடத்தில் அக்காவுக்கு வாசல் பொறுப்பு. கடைத்தெருவில் கலவரம் வந்த அன்று, ஓடிவந்த பெண்களையும் பிள்ளைகளையும் உள்ளே விட்டார்கள். பெயர் கேட்கவில்லை, எந்தச் சாமி என்றும் கேட்கவில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது மதர் கட்டளை.

என் மனைவியையும் மகளையும் காணவில்லை. மடத்துக்கு ஓடினேன். கதவின் சிறு ஜன்னலில் அக்கா முகம் தெரிந்தது.

“அக்கா, எனக்க பிள்ள உள்ள உண்டா? அத மட்டும் சொல்லு.”

“அது சொல்லப்பிடாது மக்கா.”

“நான் ஒனக்க தம்பியில்லா?”

“தம்பிதான். வீட்டுக்குப் போ.”

எனக்குப் பின்னால் கம்போடு ஆட்கள் நின்றார்கள். அவர்களும் ஆள் தேடித்தான் வந்திருந்தார்கள். நான் அதை யோசிக்கவில்லை. “பெத்திருந்தா தெரியும் ஒனக்கு” என்றேன். உங்களில் சிலர் அதைக் கேட்டீர்கள். அக்கா ஜன்னலைச் சாத்தினார்கள்.

போலீஸ் வந்து தெரு அடங்கியதும் கதவு திறந்தது. மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே, அந்த ஆட்கள் தேடிய குடும்பமும் வந்தது. என் மகள் அவர்கள் பாயில்தான் தூங்கினாளாம். எனக்குப் பதில் சொல்லியிருந்தால், அடுத்தவன் கேட்டதற்கும் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

அதன்பிறகு வெட்கத்தில் நான் அந்த வாசல் பக்கம் போகவில்லை. மனைவி போய்வந்தாள். என் முதுகுவலிக்கென்று அக்கா அவளிடம் தைலம் கொடுத்து விடுவார்கள்.

நோயில் கிடந்த அக்காவைக் கடைசியில் ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன். அன்று சொன்னதை மறந்துவிடச் சொன்னேன்.

“அன்னைக்கு வாசல்ல எத்தனயோ பேரு பேசுனாங்க. ஒனக்க வார்த்தய மட்டும் நான் பிரிச்சு வெக்கல மக்கா. தைலம் தேய்க்கியா?”

தேய்க்கிறேன் என்றேன். பொய். தைலக் குப்பிகள் மூடி திறக்காமல் வீட்டில் இருந்தன.

கடைசிவரை பார்த்துக்கொண்ட மதருக்கும் சிஸ்டர்மாருக்கும், சவப்பெட்டி சுமந்த சாலைத் தோழர்களுக்கும் நன்றி. அன்று மடத்துக்குள் இருந்தவர்களும் அடக்கத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கும் நன்றி. அவர்கள் யார் என்று இங்கே எழுதவில்லை. அக்கா சொல்லாததை நானும் சொல்ல மாட்டேன்.

தம்பி