மால்டா: திரும்பும்போது மட்டும் காசு வாங்கும் கப்பல்

இதெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று புறப்படும் முன்பே சொல்லிவிட்டேன். மால்டாவில் வண்டிகள் நம்மூர் போல இடப்பக்கம் ஓடும் என்றேன், ஓடின. தெருவுக்குத் தெரு சர்ச் இருக்கும் என்றேன், இருந்தது. விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் மகள் அழுவாள் என்றேன், அழுதாள். வீட்டுக்காரிதான், "நீங்க போயி விளிச்சா உடனே வந்திருவாளாக்கும்!" என்று நொடித்தாள்.

மகள் சுஜி அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை பேசி வைத்துவிட்டு, அவளைக் கையோடு கூட்டி வரத்தான் மார்ச்சில் கிளம்பினேன். ஊர் சுற்றுவது இரண்டாவது காரியம்.

எங்கள் ஊர் பாறசாலையில் இந்த நாட்டின் பேரைச் சொன்னால் மாலத்தீவா என்பார்கள். ஐரோப்பா போகிறவர்களும் பாரிஸ், ரோம் என்று ஓடிவிடுவார்கள். மால்டாவின் நீளமே 27 கிலோமீட்டர்தான். பாறசாலையில் பஸ் ஏறியவன் திருவனந்தபுரம் சேருவதற்குள் நாடு முடிந்து கடல் வந்துவிடும். ஆறு கிடையாது, நெய்யாற்றில் குளித்து வளர்ந்தவனுக்கு அது குறைதான். ஆனால் சாயங்கால வெயில் பட்டால் கல் வீடுகள் எல்லாம் தேன் நிறமாகிவிடும். மீன்பிடிப் படகுகளின் முகப்பில் இரண்டு கண் வரைந்திருக்கிறார்கள். அதில் ஒன்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தது, சத்தியமாக. பட்டாணி வைத்த பஸ்திட்சி என்று ஒரு பலகாரம் உண்டு. நம்ம பேக்கரி பஃப்ஸுக்கு அண்ணன். நான் ஒரே இருப்பில் பதினொன்று தின்றதைப் பார்த்துக் கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார்.

மூன்றாம் நாள் கோசோ தீவுக்குக் கிளம்பினோம். தலைநகர் வலெட்டாவில் 41ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிக் கப்பல் துறையில் விடும். டிக்கெட் இரண்டரை யூரோ.

எங்கள் தமிழக-கேரள எல்லைப்புறத்தில் ஒரு பழக்கம் உண்டு. மார்த்தாண்டம் ஜவுளிக்கடையில் ரகசியம் பேச மலையாளம். திருவனந்தபுரம் போனால் அதே ரகசியத்துக்குத் தமிழ். அந்த பஸ்ஸில் பாதிப்பேர் மலையாளிகள். சுஜி ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் முன் சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்காரியைப் போனில் பிடித்து, தைரியமாகத் தமிழில் பேசினேன்.

"அவகிட்ட இன்னும் சொல்லல்ல. கோசோவுல வச்சு சொல்லுவேன். வேலைக்கு வாக்கு குடுத்தாச்சுன்னா பொறவு எதுத்துப் பேச மாட்டா."

கப்பல் துறையில் இறங்கும்போது டிரைவர் என் கையைப் பிடித்தான்.

"மாமா, அந்த வாக்க திருப்பி வாங்கீருங்க. எனக்க அப்பாவும் இப்பிடித்தான் வந்து கூட்டிட்டுப் போனாரு. எட்டு மாசம் மூஞ்சிய மூஞ்சிய பாத்துட்டு இருந்தோம். பொறவு அவரே டிக்கெட் எடுத்து அனுப்பி விட்டாரு."

"எலே, உனக்கு தமிழ் தெரியுமா?"

"நான் உதியன்குளங்கரயாக்கும்!" பாறசாலைக்குப் பக்கத்து ஊர்.

பின்னால் நின்ற சுஜி முழுவதையும் கேட்டுவிட்டாள். "என்ன வாக்குப்பா?"

முதலில் கப்பலில் ஏறினேன். கோசோவுக்குப் போக டிக்கெட் கேட்க மாட்டார்கள். திரும்பும்போதுதான் 4 யூரோ 65 சென்ட் வாங்குவார்கள். பயணம் 25 நிமிடம். மேல்தட்டில் காற்று ஆளைத் தூக்கியது. சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. "லீவு நாள்ல நான் இந்தக் கப்பல்லதான் வருவேன். அங்க ஒரு சர்ச்சு வாசல்ல இருந்து பஸ்திட்சி தின்னுட்டு திரும்புவேன். எங்க போற, யாரு கூட போறன்னு ஒருத்தரும் கேக்கதில்ல. அது எனக்கு பிடிச்சிருக்குப்பா."

"எங்களுக்கு உன்னப் பாக்கணும்னு இருக்கு மக்கா."

அவள் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு, "வாற ஓணத்துக்கு வீட்டுக்கு வாறேன்பா, ஒறப்பு" என்றாள். அன்று அந்தச் சர்ச் வாசலில் இருவரும் பஸ்திட்சி தின்றபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க எனக்கும் மனம் வரவில்லை. இப்போதும் மழை பெய்யாத சாயங்காலங்களில் அந்த வாசலின் தேன் நிறக் கல் நினைவுக்கு வந்துவிடுகிறது.

போக நினைப்பவர்களுக்கு: மார்ச், ஏப்ரல் நல்லது. திருவனந்தபுரத்திலிருந்து நேர் விமானம் கிடையாது, வளைகுடாவில் மாற வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். கப்பலில் மேல்தட்டில் நிற்பதானால் ஸ்வெட்டர் வேண்டும். பஸ்ஸில் ரகசியம் பேசாதீர்கள்.

பஸ், விசா என்று வந்தால் வீட்டுக்காரி வாசிப்பதை நிறுத்திவிடுவாள். அதனால் இங்கே சொல்கிறேன். மேலே எழுதியதில் ஓணத்துக்கு வருவதாகச் சொன்னது நான் சேர்த்தது. அவள் அப்படிச் சொல்லவில்லை. தண்ணீரைப் பார்த்துவிட்டு அவள் சொன்னது, "குளிருதுப்பா, உள்ள போயி இரிங்க." அவ்வளவுதான்.