எங்கள் ஃபிளாட்டின் தண்ணீரை நிறுத்தியவன் நான்

போன வருடம், பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்தின் வெள்ளிக்கிழமை மாலை. வேலை முடிந்து ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்குத் திரும்பியவன், சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தேன். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஃபிளாட் பதினைந்து மாடிக் கட்டடம். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லாரும் இருக்கிறோம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. லிஃப்ட் பழுதானாலும் சரி, தீவுக்கு வரும் கடல் பாலத்தில் நெரிசல் என்றாலும் சரி, அதில் முதலில் செய்தி போடுவது நானாகத்தான் இருக்கும். யாராவது என்னை முந்திவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது என்று என் மனைவி கேலி செய்வாள். அவள் சொல்வது முழுப் பொய் இல்லை.

அன்று எங்கள் குடும்பக் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. அனுப்பியவன் பாலத்துக்கு அந்தப் பக்கம் கெப்பாலா பத்தாஸில் இருக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி. படத்தில் இருந்தது தண்ணீர் நிறுத்தம் பற்றிய அறிவிப்பு. சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து மறுநாள் வரை தண்ணீர் வராது, பெரிய குழாய் மாற்றுகிறார்கள் என்று மலாயில் எழுதியிருந்தது. கீழே இடங்களின் பட்டியல். அதில் எங்கள் பகுதியும் இருந்தது. அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை. உடனே ஃபிளாட் குழுவுக்குத் தட்டிவிட்டேன். என் பங்குக்கு மலாயில் ஒரு வரியும் சேர்த்தேன்: "கன்ஃபர்ம். நாளைக்குத் தண்ணீர் இல்லை. எல்லாரும் பிடித்து வையுங்கள்."

அந்த 'கன்ஃபர்ம்' படத்தில் இல்லை. அது என் சொந்தச் சரக்கு.

மறுநாள் காலை எட்டு மணிக்கே ஃபிளாட் முழுக்கத் தண்ணீர்ச் சத்தம். சுவருக்குள் ஓடும் குழாய்கள் இரைந்தன. எல்லா வீட்டிலும் துணி துவைக்கும் இயந்திரம் ஒரே சமயத்தில் சுற்றியது. எதிர்வீட்டுக்காரர் பிள்ளைகள் விளையாடுகிற காற்றடித்த குளத்தை வரவேற்பறையில் விரித்து நிரப்பிக்கொண்டிருந்தார். ஆறாம் மாடிச் சீன அங்கிள், தன்னிடம் இருந்த பன்னிரண்டு தேநீர்க் கெண்டிகளையும் நிரப்பி, வரிசையாக வைத்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். நான் மட்டும் குறைந்தவனா? குக்கர் வரைக்கும் நிரப்பி வைத்தேன்.

ஒன்பது நாற்பதுக்குத் தண்ணீர் நின்றது.

குழுவில் எனக்கு நன்றி குவிந்தது. கட்டை விரல்களும் கூப்பிய கைகளுமாக வந்துகொண்டே இருந்தன. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஒரு தட்டில் பலகாரமே கொண்டுவந்து கொடுத்தார். நான் அதைச் சாப்பிட்டுக்கொண்டே வந்த நன்றிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

மனைவிதான் கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்து மணின்னுதானே போட்டுச்சு? இருபது நிமிசம் முன்னாடியே எப்படி நின்னுச்சு?"

"சீக்கிரமா வேலைய ஆரம்பிச்சிருப்பாங்க லா," என்றேன்.

"அவங்க எப்ப சீக்கிரமா ஆரம்பிச்சிருக்காங்க?"

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. பதின்மூன்றாம் மாடி அக்கா. தமிழ் முஸ்லிம் குடும்பம். வீட்டிலேயே பிரியாணி சமைத்து விசேஷங்களுக்குக் கொடுப்பவர். எடுத்ததும் படபடவென்று பேசினார்.

"தம்பி, பத்து மணி வரைக்கும் தண்ணி இருக்கும்னு நம்பித்தானே நான் கறிய முதல்ல கழுவுனேன். அரிசி இன்னும் கழுவல. உலை வைக்கக்கூடத் தண்ணி இல்ல. ஒரு மணிக்கு நிச்சயதார்த்தச் சாப்பாடு. நூத்தம்பது பேரு. பொண்ணு வீட்டுக்கு நான் என்ன சொல்லுவேன்?"

"பயப்படாதீங்கக்கா, தண்ணி லாரி வருதான்னு பார்க்கிறேன்," என்று சொல்லிவிட்டு லிஃப்டில் இறங்கினேன். ஃபிளாட்டைப் பராமரிக்கும் மலாய்க்காரப் பெரியவரை நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுவோம். அவரைக் கேட்டால் லாரி பற்றித் தெரியும் என்று தேடிப் போனேன்.

பாக்சிக் குப்பை அறைக்குப் பக்கத்தில் நின்று ரப்பர் குழாயைப் பிடித்துத் தன் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

"பாக்சிக், தண்ணிதான் இல்லையே," என்று மலாயில் கேட்டேன்.

அவர் என்னையும் கையிலிருந்த குழாயையும் பார்த்தார். "இது ரோட்டுக் குழாயிலேர்ந்து நேரா வர்றது. ரோட்டுல தண்ணி நல்லாத்தான் இருக்கு. மேல தொட்டிதான் காலி. பம்ப் ஏத்த ஏத்த நீங்க இழுத்துக்கிட்டே இருக்கீங்க. இன்னிக்கு என்ன, எல்லாருமா சேர்ந்து வீடு கழுவுறீங்களா?"

அங்கேயே மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து, மச்சானைக் கைப்பேசியில் அழைத்தேன்.

"மச்சான், அது பழைய படம்," என்றான் அவன் சாவகாசமாக. "நேத்து எங்க வீட்டுல தண்ணி மெதுவா வந்துச்சு. அந்தப் படத்தப் போட்டு, இந்த மாதிரி மறுபடியும் ஏதாச்சும் இருக்கான்னு கீழ கேட்டிருந்தேனே. நீங்க படிக்கலயா?"

திறந்து பார்த்தேன். படத்துக்குக் கீழே அவன் கேள்வி அப்படியே இருந்தது. படத்தைப் பெரிதாக்கினால் மூலையில் தேதியும் இருந்தது. இரண்டு வருடம் பழையது.

"சரி, அந்தப் படம் உனக்கு எங்கேர்ந்து கிடைச்சது?" என்று கேட்டேன். குற்றத்தில் கொஞ்சமாவது வேறு யார் தலையிலாவது விழட்டும் என்ற நப்பாசை.

"நீங்கதான் மச்சான் அப்ப அனுப்புனீங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் எனக்கு முதலில் தோன்றியது, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்பதுதான். யாருக்கும் தெரியாது. தொட்டி நிறைந்ததும் தண்ணீர் வந்துவிடும், வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். வந்த நன்றியும் பலகாரமும் எனக்கே மிஞ்சும்.

பாக்சிக்கிடம் தொட்டி எப்போது நிறையும் என்று கேட்டேன். "எல்லாரும் குழாய மூடுனா ரெண்டு மணி நேரம். இப்படியே திறந்து வச்சிருந்தா இன்னிக்கு நிறையாது," என்றார்.

யார் மூடுவார்கள்? தண்ணீர் வந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்து, அடியில் வாளியை வைத்துக் காத்திருந்தார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். ரோட்டில் தண்ணீர் நிற்கவே இல்லை என்று நான் சொல்லாத வரைக்கும் எவரும் மூடப்போவதில்லை. தவிர, இரண்டு மணி நேரம் காத்திருந்தால் அக்காவின் அரிசி வேகாது.

குரல் பதிவாகவே அனுப்புவது என்று முடிவு செய்தேன். மூன்று முறை பதிந்து அழித்தேன். முதல் பதிவில் மச்சானைக் குறை சொன்னேன். இரண்டாவதில் 'தவறு நடந்துவிட்டது' என்று, யாரோ செய்தது போலச் சொன்னேன். மூன்றாவதில் குரல் அழுகிறவன் மாதிரி இருந்தது. நான்காவது தடவை மலாயிலும் தமிழிலும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். படம் பழையது. தேதி பார்க்காமல் நான்தான் போட்டேன். 'கன்ஃபர்ம்' என்று எழுதியதும் நான்தான். தண்ணீரை யாரும் நிறுத்தவில்லை, நாம் எல்லாரும் ஒரே நேரத்தில் பிடித்ததால்தான் தீர்ந்தது. குழாய்களை மூடுங்கள். பதின்மூன்றாம் மாடியில் நூற்றைம்பது பேர் சமையல் நிற்கிறது. வாளியில் நல்ல தண்ணீர் வைத்திருப்பவர்கள் அங்கே கொடுத்து உதவுங்கள்.

அனுப்பிவிட்டுக் குழுவைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், வீட்டிலிருந்து இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு பதின்மூன்றாம் மாடிக்குப் போனேன்.

லிஃப்ட் திறந்தபோது எனக்கு முன்பே ஆறாம் மாடி அங்கிள் அங்கே நின்றிருந்தார், இரண்டு கையிலும் கெண்டிகளோடு. அடுத்த தடவை லிஃப்ட் வந்தபோது நான்கு பேர். படிக்கட்டு வழியாகப் பதினான்காம் மாடிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். எங்கள் ஃபிளாட் கட்டிய நாளிலிருந்து வீடுகளுக்குள் இவ்வளவு தண்ணீர் இருந்திருக்காது. எதிர்வீட்டுக்காரர் பிள்ளைகள் குளத்திலிருந்து மொண்டு வந்ததாகச் சொன்னதும் அக்கா, "அது வேணாம் தம்பி, அதுல பிள்ளைங்க கால் வச்சிருக்கும்," என்று திருப்பி அனுப்பினார். கால் மணி நேரத்தில் நடைபாதை முழுக்க வாளிகள். நடக்க இடமில்லை.

"போதும்லா," என்று வாசலில் வந்து நின்று சொன்னார் அக்கா. "நான் பிரியாணிதான் ஆக்குறேன். மீன் வளர்க்கல."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவர் முன்னால் போய், "மன்னிச்சிடுங்கக்கா," என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு கூடை வெங்காயத்தைக் காட்டி, "உக்காந்து உரிங்க. பேசுறதுக்கு நேரமில்ல," என்றார். நான் உரித்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது. வெங்காயம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

சாப்பாடு இருபது நிமிடம் தாமதமாகப் போனது. மாப்பிள்ளை வீட்டார் அதைவிடத் தாமதமாக வந்ததால் யாருக்கும் தெரியவில்லை என்று அக்கா சாயந்திரம் சொல்லி அனுப்பினார். கூடவே ஒரு பொட்டலம் பிரியாணியும் வந்தது. குழுவில் எனக்கு 'மிஸ்டர் கன்ஃபர்ம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். லிஃப்டில் பார்க்கிற பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இனி நான் போடுகிற எதையும் யாரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. இரண்டு மாதம் கழித்து, வெறும் வயிற்றில் ஏதோ இலைச் சாறு குடித்தால் சர்க்கரை நோய் மாத்திரையே வேண்டாம் என்று ஒரு வீடியோ சுற்றியது. ஆறாம் மாடி அங்கிள் என் வீட்டுக் கதவைத் தட்டினார். அவருக்கும் சர்க்கரை உண்டு. மாத்திரையை நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "இது நிஜமா? நீங்கதான் தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கிற ஆளு," என்றார் மலாயில்.

பழைய ஆளாக இருந்திருந்தால் அங்கேயே ஏதாவது தீர்ப்புச் சொல்லியிருப்பேன். "எனக்குத் தெரியல அங்கிள். மாத்திரைய நிறுத்தாதீங்க. வாங்க, கிளினிக்ல கேட்போம்," என்றேன். மருத்துவர் அந்த வீடியோவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அங்கிள் இன்றும் தவறாமல் மாத்திரை போடுகிறார்.

'எனக்குத் தெரியல' என்று கூச்சமில்லாமல் சொல்ல நாற்பத்தேழு வயதில்தான் கற்றுக்கொண்டேன். அப்படிச் சொன்ன பிறகுதான் என் பேச்சை நம்பி ஒருவர் என்னோடு நடந்து வந்தார் என்பதை நினைத்தால், இன்றைக்கும் மனதுக்கு இதமாக இருக்கிறது.