கிரவல் ஏற்றத்தில் பின்னால் தள்ளிய ஆள்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து வடிவாக வராது, எதையாவது மறந்துவிட்டுப் பிறகு ஞாபகம் வந்தால் திரும்பிப் போய்ச் சொல்லுவேன், கோபிக்க வேண்டாம். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். என் மருமகள் டிலானிதான், "கதைக்க வெக்கமெண்டா எழுதிக் குடுங்கோ மாமி" என்று சொல்லிக் கொப்பியைத் தந்தாள்.

நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. பென்சன் வரும்வரை இந்த ஜெர்மன் நாட்டில், பீலஃபெல்டில் ஒரு வயோதிபர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தவள். யாராவது இறந்தால் அன்றைக்கே அந்த அறைக்குள் தனியாக நின்று கட்டில் சட்டம், அலுமாரி எல்லாம் துடைத்திருக்கிறேன். கூட வேலை செய்த ஜெர்மன்காரிகள் ஆன்மா வெளியில் போகட்டும் என்று யன்னலைத் திறந்து வைப்பார்கள், நான் குளிர் வருகிறது என்று பூட்டிவிடுவேன். ஒரு நாளும் ஒன்றும் என்னிடம் வந்து ஏனென்று கேட்டதில்லை. அப்படிப்பட்ட நான்தான் இதை எழுதுகிறேன், நம்பினால் நம்புங்கள்.

டிலானி இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. மாட்டுக் கொம்பு மாதிரி வளைந்த கைபிடி உள்ள ஒரு சைக்கிள் வைத்திருக்கிறாள், தார் ரோட்டை விட்டுவிட்டுக் கல்லுப் பாதையாகத் தேடி ஓடுவதற்கென்றே செய்த சைக்கிளாம். அதற்குப் பெயரே கிரவல் பைக். எனக்குச் சிரிப்பு. ஊரில் எங்கள் பக்கம் கிரவல் ரோட்டு என்றால் சுற்றிப் போவோம், இங்கே காசு கொடுத்துச் சைக்கிள் வாங்கி அதிலே போகிறார்கள். எனக்கு முழங்கால் ஒப்பரேசன் முடிந்த பிறகு, நடப்பதைவிடச் சைக்கிள் நல்லது என்று டொக்டர் சொன்னதால், மகன் அன்ரன் பற்றரியில் ஓடுகிற ஒன்று வாங்கித் தந்தான். பின்னால் கரியர் உள்ளது. அந்தக் கரியரைத்தான் சொல்ல வருகிறேன்.

போன வருடம் ஆடி மாதம், டெட்மோல்டுக்கு அங்கால் மலையடிவாரத்தில் லவெண்டர் பூத்திருக்கிறது, பார்க்கப் போவோம் என்று டிலானி கூட்டிக்கொண்டு போனாள். அன்ரனுக்கு வேலை நாள், நாங்கள் இரண்டு பேரும்தான். ரயிலில் சைக்கிள்களை ஏற்றிப் போய் இறங்கி, மேட்டிலே ஒரு பண்ணை வீட்டில் தேனும் சவர்க்காரமும் விற்கிற கடையில் கோப்பி குடித்துவிட்டு, கிரவல் பாதையால் பள்ளத்துக்கு இறங்கினோம். கீழே வயல், வரிசை வரிசையாக ஊதாப் பூ. எல்லோரும் வாசம் வாசம் என்பார்கள், எனக்கு அது வேலை செய்த இடத்துக் கழிவறையில் வைக்கிற மருந்து மணம். ஆனால் பார்க்க வடிவுதான். தேனீக்கள் இரைகிற சத்தம் தூரத்தில் மோட்டர் ஓடுகிற மாதிரிக் கேட்டது.

படம் எடுக்க வரிசைக்குள் போன டிலானிக்குக் கழுத்தில் தேனீ குத்திவிட்டது. கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தேன், அவள் சிரித்தாள். கொஞ்சத் தூரம் போயிருப்போம், சைக்கிளை நிறுத்திவிட்டுக் கை உள்ளங்கையெல்லாம் அரித்துக் கடிக்கிறது என்றாள். பார்த்துக்கொண்டிருக்கவே கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்தது, வாய்ச் சொண்டு இரண்டும் வீங்கியது, குரல் கம்மியது. பிள்ளைக்கு முன்பு ஒரு நாளும் இப்படி வந்ததில்லை. போனை எடுத்து அம்புலன்ஸுக்கு நூற்றுப் பன்னிரண்டு அடித்தாள், அந்தப் பள்ளத்துக்குள் தொடர்பு இல்லை. எல்லாப் பக்கமும் பார்த்தேன், ஒரு மனிதர் இல்லை.

"மாமி, மூச்சு ஒரு மாதிரி இருக்கு. எனக்கு எழும்ப ஏலாது. அந்தக் கடைக்கு ஏறிப் போய்ச் சொல்லுங்கோ."

"உன்னை விட்டுட்டு எப்பிடிப் பிள்ளை போறது?"

"போகாட்டித்தான் கரைச்சல் மாமி."

அவளை மர நிழலில் சாய்த்துவிட்டு ஏறினேன். பற்றரியைப் பார்த்தால் செத்துவிட்டது. காலையிலிருந்து "டேர்போவில விடாதேங்கோ மாமி, முடிஞ்சிடும்" என்று அவள் சொல்லச் சொல்ல, பற்றரியே முழுக்க இழுக்கிற அதில் நான் சொகுசாக விட்டு ஓடியதன் பலன். அந்தச் சைக்கிள் பற்றரி இல்லாமல் இரும்புக் கட்டில் மாதிரி. அவளுடைய சைக்கிளை எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள், அதில் ஏற எனக்குக் கால் எட்டாது. நடந்தால் என் முழங்காலுக்கு அந்த ஏற்றம் எந்த நேரம் முடியும் என்று சொல்லத் தெரியாது. மிதித்தேன். செபம்கூட ஞாபகம் வரவில்லை, பிள்ளையின் சொண்டுதான் கண்ணுக்குள் நின்றது.

ஏற்றம் தொடங்கி ஒரு வளைவு தாண்டியிருப்பேன். அப்போதுதான் கரியரில் ஆள் ஏறியது.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் சைக்கிளில் இரண்டு பேராகப் போகாதவர்கள் இல்லை. ஓடுகிற சைக்கிளில் பின்னால் ஒருவர் துள்ளி ஏறினால் கைபிடி ஒரு வெட்டு வெட்டும், பிறகு நேராகும், மிதி பாரமாகும். அதைச் சின்னதிலிருந்து உடம்பு அறியும், யோசிக்கத் தேவையில்லை. அப்படியே வெட்டியது, நேரானது, பாரமானது. டயரில் காற்றுப் போய்விட்டது என்றுதான் முதலில் பயந்தேன். குனிந்து பின் சில்லைப் பார்த்தேன், காற்றுப் போகவில்லை, ஆள் இருந்தால் டயர் எப்படி நசியுமோ அப்படி நசிந்து உருண்டது, கல்லு நெரிகிற சத்தமும் வேறு மாதிரி. சில்லைப் பார்த்தேனே தவிர அதற்கு மேலே பார்க்கவில்லை. பயத்தில் என்று இல்லை, திரும்பினால் விழுந்துவிடுவேன்.

எனக்கு வந்தது கோபம். பிள்ளை கீழே மூச்சில்லாமல் கிடக்கிறாள், இந்த நேரத்தில் வந்து ஏறுகிறதே என்று கோபம். எங்கள் கடற்கரைப் பக்கம் மணல் ஒழுங்கை வந்தால் பின்னால் இருப்பவர் குதித்து இறங்கிக் கரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவர வேண்டும், அதுதான் முறை, மிதிக்கிறவர் வாயால் சொல்ல மட்டும் செய்வார். நானும் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

"இறங்கித் தள்ளு."

பாரம் இறங்கியது. இறங்கியது மட்டும் இல்லை, பின்னாலிருந்து தள்ளல் வந்தது. காற்றுத் தள்ளுவது வேறு, இது கால் வைத்து ஓடிவருகிறவர் தள்ளுகிற மாதிரி விட்டு விட்டு, ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு உந்தல். ஆனால் பின்னால் கல்லில் கால் படுகிற சத்தம் இல்லை, என் சில்லுச் சத்தம்தான். அந்த ஏற்றத்தை நான் சீற்றை விட்டு எழும்பாமல் ஏறினேன்.

மேட்டில் கிரவல் முடிந்து தார் வந்தது. பண்ணை வீட்டுப் பெண் கோப்பைகளை எடுத்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஜெர்மன் சொற்கள் எல்லாம் ஓடிப்போய், கழுத்தைக் காட்டித் தேனீ என்பதற்கு "பீனே, பீனே" என்றதுதான், நல்ல மனுஷி, உடனே விளங்கிக்கொண்டாள். போன் பண்ணிவிட்டு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு கீழே வந்தாள். அம்புலன்ஸும் பின்னாலேயே வந்தது. தொடையில் ஊசி போட்டார்கள். டிலானியின் கை நீலமாகத் தொடங்கியிருந்தது, பிறகு மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் வைத்து டிலானியிடமும் வேலையிலிருந்து ஓடிவந்த அன்ரனிடமும் சொன்னேன். டிலானி வீங்கின சொண்டோடு, "ஜெர்மன் பேய்க்குத் தமிழ் விளங்குமோ மாமி?" என்று பகிடி விட்டாள். பிறகு அவளே அழுதாள். வேறு ஆட்கள் கேட்டார்கள், உங்கள் அம்மாவாக இருக்கும், காலமான அக்காவாக இருக்கும் என்று. இல்லை. எங்கள் பெண்கள் கரியரில் ஒரு பக்கமாகத்தான் இருப்பார்கள், சைக்கிள் அந்தப் பக்கம் சரியும், மிதிக்கிறவர் மற்றப் பக்கம் சாய்ந்து பிடிக்க வேண்டும். அன்றைக்கு ஏறியது இரண்டு பக்கமும் கால் போட்டு நேராக இருந்த ஆள். பாரமும் பெரிதில்லை. எனக்குத் தெரிந்த யாரும் அப்படி இல்லை. அந்த இடத்தில் யாராவது இறந்தார்களா என்று அன்ரன் பண்ணைப் பெண்ணிடம் போனில் கேட்டான், அவளுக்குத் தெரிய அப்படி ஒன்றும் இல்லையாம். பிறகு ஒரு நாள் அவனே போய், என் சைக்கிளில் பற்றரியை நிறுத்திவிட்டு ஏறிப் பார்த்தான். பாதி தாண்ட ஏலாமல் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தான். அவனுக்கு வயது நாற்பது, பந்து விளையாடுகிறவன்.

இவ்வளவும் எனக்குப் பரவாயில்லை. உதவிக்கு வந்த ஒன்றுக்கு ஏன் பயப்பட வேண்டும். ஒன்றுதான் நெஞ்சுக்குள் கிடக்கிறது. மணல் முடிந்து கெட்டி நிலம் வந்தால் மிதிக்கிறவர் கொஞ்சம் மெதுவாக்க வேண்டும், தள்ளி வந்தவர் துள்ளி ஏறுவதற்கு. அன்றைக்குத் தார் வந்ததும் தள்ளல் நின்றது, கரியரில் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது, அது எனக்குத் தெரிந்தது, ஏற இடம் பார்க்கிறவர் பிடிக்கிற பிடி. நான் மெதுவாக்கவில்லை. பிள்ளையின் நினைப்பில் இன்னும் ஊன்றி மிதித்தேன். கை வழுகிப் போனது. யாரோ என்னவோ, மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்த ஆளை நடு ரோட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கிரவல் எங்கே முடிகிறது, தார் எங்கே தொடங்குகிறது என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அந்த இடத்தில் ஆட்கள் இருந்து ஆறுகிற ஒரு மர வாங்கு இருந்தது என்று நான் சொல்கிறேன், டிலானி இல்லை என்கிறாள். டெட்மோல்ட் பக்கம் சைக்கிளில் போகிறவர்கள் யாராவது பார்த்துச் சரிபிழை சொல்லுங்கள். கரியர் உள்ள சைக்கிளில் போனால் நல்லது. தார் வந்ததும் கொஞ்சம் மெதுவாகப் போய்ப் பாருங்கள்.