வெள்ளைக் குட்டி

இது நடந்தது. பேய்க் கதை சொன்னால் எழுந்து போகிற ஆள்தான் நானும். ஆக்லாந்தில் கோழி வெட்டும் ஆலையில் இரண்டு வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவன். தலை போன கோழி நாலு அடி நடந்ததைப் பார்த்துக்கொண்டே சாண்ட்விச் தின்றவன். அதனால் பயந்தாங்கொள்ளி என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். நேரத்தைக்கூடச் சொல்கிறேன். போன ஆகஸ்டில் மூன்றாவது ஞாயிறு. காலை 9.52 முதல் 10.20 வரை. பட்டப்பகல்.

அந்த ஆலை வேலையைப் பாதியில் போட்டுவிட்டு நான் எங்கள் தீவான வவாவுக்குத் திரும்பியபோது ஊரில் ஒருவரும் என்னைச் சீந்தவில்லை. அக்கா இலைசானேயின் புருஷன் மொசேசேதான் என்னைக் கையோடு கூட்டிப்போய், சுற்றுலாக்காரர்களுக்குத் திமிங்கலம் காட்டும் படகு ஓட்டும் கேப்டன் கெப்புவேலியின் முன்னால் நிறுத்தினார்.

“கோழிய வெட்டத் தெரிஞ்சவனுக்குத் திமிங்கலத்தக் காட்டத் தெரியாதா? வச்சுக்குங்க, கேப்டன். கோபம் வந்தா அடிங்க. என்கிட்ட சொல்லிட்டு அடிங்க.”

அப்படிச் சேர்ந்தவன் நான். மூன்றாவது மாதமே வழிகாட்டி உரிமத்துக்குக் கேப்டன் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த ஞாயிறு கழிந்த வாரம் கைக்கு வர வேண்டியது. வந்தால் ஊரில் மனிதன். வராவிட்டால் மறுபடியும் கோழி.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மொசேசே தன் சின்ன வெள்ளை ஃபைபர் படகில் தனியாக ஓவாக்கா தீவுக்குக் கிளம்பினார். மறுநாள் அங்கே அவர் அம்மா வீட்டில் விருந்து. வள்ளிக்கிழங்கும் ஒரு குட்டிப் பன்றியும் ஏற்றினார். ஐஸ் பெட்டியின் மூடி உடைந்திருந்தது. நான்தான் பச்சை நைலான் கயிற்றால் கட்டிக் கொடுத்தேன். கோழிக் கூண்டுக்கு ஆலையில் போடுகிற முடிச்சு. வவாவில் வேறு யாருக்கும் அந்த முடிச்சு தெரியாது.

“திங்கக்கிழமை வர்றேன்டா. அக்கா ஏதாவது கேட்டா ஓடிப்போய்ச் செய்.”

போனார். அவர் போய்ச் சேர்ந்தாரா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. ஏன் வரவில்லை என்று அங்கேயும் யாரும் கேட்கவில்லை. ஞாயிறு பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் எதுவும் அசையாது. கடை இல்லை, வண்டி இல்லை, படகு இல்லை. ஞாயிற்றுக்கிழமை படகை எடுப்பது பாவம் மட்டுமில்லை, சட்டப்படிக் குற்றம். பிடித்தால் உரிமம் போகும். அதைவிட, கோயிலில் பாதிரியார் எல்லார் முன்னாலும் பெயரைச் சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கெப்புவேலி படகை எடுத்தார். ஒரு ஜெர்மன் தம்பதி. வாரம் முழுக்கக் காற்று அடித்து ஒரு திமிங்கலத்தைக்கூட அவர்கள் பார்க்கவில்லை. திங்கட்கிழமை விமானம். அவர்களோடு ரகசியமாகப் பேசி முடித்துவிட்டார். கோயிலில் பாட்டுக் குழுவுக்குத் தலைவர் அவர். வயிற்றுப்போக்கு என்று பாதிரியாருக்குச் சொல்லி அனுப்பினார்.

5.40க்குக் கிளம்பினோம். படகின் பெயர்மேல் சாக்கைத் தொங்கவிட்டிருந்தோம். ரேடியோவை அணைத்துவிட்டோம்.

தூறல். சாம்பல் நிறக் கடல். 9.35க்கு ஓவாக்காவுக்கு மேற்கே, முந்நூறு மீட்டர் தள்ளி, ஒரு கூன்முதுகுத் திமிங்கலம் கண்ணில் பட்டது. தாய். நகராமல் கிடந்தது. இடது பக்கம் அதன் குட்டி. நாலு நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து மூச்சு விட்டது. பூஃப். மறுபடி தாயின் கீழே போனது.

தாயின் வலது பக்கம் இன்னொரு முதுகு.

வெள்ளையாக இருந்தது. அலை ஏறும்போது மறைந்தது. இறங்கும்போது தெரிந்தது.

“ரெண்டு குட்டியா?” ஜெர்மன்காரம்மா கேட்டாள்.

“ஆமாம்மா. ஒண்ணு வெள்ளைக் குட்டி. நூறு வருஷத்துக்கு ஒரு தரம்தான் கண்ணுல படும். நீங்க குடுத்து வச்சவங்க” என்றார் கெப்புவேலி. அவள் புருஷனைக் கட்டிக்கொண்டாள்.

நான் கேப்டன் காதருகே போனேன். “திமிங்கலம் ரெட்டை போடாது, கேப்டன்.”

“இன்னிக்குப் போட்டிருக்கு.”

கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றேன். பதினொரு நிமிடம். இந்தப் பக்கத்துக் குட்டி மூன்று தரம் மூச்சு விட்டுவிட்டது. வெள்ளை ஒரு தரம்கூட விடவில்லை.

“கேப்டன், அது மூச்சே விடல.”

“உனக்கு உரிமம் வேணுமா, வேணாமா?”

9.52. தண்ணீருக்குள் இறக்கும் மைக்கை இறக்கினேன். ஒலிபெருக்கியில் பாட்டு வந்தது. தூரத்தில் எங்கோ ஓர் ஆண் திமிங்கலம். துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல் இழுத்து, மாடு கத்துவதுபோல் முடிக்கும். ஜெர்மன்காரம்மா கைப்பேசியை நீட்டிப் பதிவுசெய்தாள்.

9.58. பாட்டு நின்றது. ஆண் திமிங்கலம் பாட ஆரம்பித்தால் லேசில் நிறுத்தாது. இது கழுத்தைப் பிடித்ததுபோல் பாதியில் நின்றது.

பிறகு...

டொக். டொக். டொக்.

நிறுத்தம்.

டொக். டொக். டொக்.

“என்ன அது?” ஜெர்மன்காரம்மா சிரித்தாள்.

கெப்புவேலி ஒலியைக் கூட்டி வைத்தார். “குட்டி அம்மாவோட வயித்துல முட்டுது. பால் வேணுமாம்.”

சரியாகப் பத்து மணி. கரையில் கோயில் மணி அடித்தது. காற்று அந்தப் பக்கமிருந்து வந்ததால் தெளிவாகக் கேட்டது. மணி ஓயும்வரை தட்டல் நின்றிருந்தது. மரியாதை தெரிந்த ஆள் மாதிரி. மணி ஓய்ந்ததும் மறுபடி ஆரம்பித்தது.

10.09க்கு நான் பின்பக்கம் போனேன். ஸ்பானரை எடுத்தேன். படகின் அடிப்பலகையில் மூன்று தட்டு தட்டினேன்.

ஒலிபெருக்கியில் மூன்று வந்தது.

ஐந்து தட்டினேன்.

டொக். டொக். டொக். டொக்... டொக்.

கடைசித் தட்டு மெதுவாக வந்தது. களைத்துப்போன கை.

கெப்புவேலி ஸ்பானரைப் பிடுங்கினார். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. தம்பதி பார்த்துக்கொண்டிருந்தார்களே.

“கேப்டன், அது குட்டி இல்ல. கவுந்த படகு. உள்ள ஆள் இருக்கு.”

“தெரியும்.”

“உசுரோட இருக்கான்.”

“அவனத் தூக்கினா எங்க தூக்கினேன்னு கேப்பாங்க. எந்த நாள்னு கேப்பாங்க. நாம இன்னிக்குக் கடல்லயே இல்லடா. இல்லாதவனுக்கு எப்படிக் காது கேக்கும்?”

“செத்துருவான்.”

“உள்ள காத்து இருக்கு. நாளைக்கு விடிஞ்சதும் முதல் ஆளா நாமளே வருவோம். ஒரு ராத்திரி தாங்க மாட்டானா?”

அப்போது படகின் பக்கவாட்டில் ஏதோ உரசியது. குனிந்தேன். ஐஸ் பெட்டியின் மூடி. பச்சை நைலான். கோழிக் கூண்டு முடிச்சு.

அழுது புரண்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். நான் அழவில்லை. உரிமத்தை நினைத்தேன். ஆலையின் ரத்த வாடையை நினைத்தேன். கொக்கிக் கழியை எடுத்து மூடியைத் தள்ளிவிட்டேன். அது சுழன்று போனது.

தட்டல் வேகமானது. எண்ண முடியவில்லை. ஜெர்மன்காரம்மா சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

10.20. கேப்டன் மைக்கை வெளியே இழுத்தார்.

அமைதி.

தாய்த் திமிங்கலம் எங்களைப் பார்த்துக்கொண்டே கிடந்தது.

மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அக்காளும் தம்பியும் ஒரே அறையில் உட்காருவது எங்களில் இல்லை. வழக்கம்போல் வாசல் படியில் உட்கார்ந்தேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா. குழந்தைக்குக் காய்ச்சல் என்று கோயிலுக்குப் போகாமல், ரேடியோவில் பூசை கேட்டிருக்கிறாள்.

“மண்ணடுப்புல லூ வச்சிருக்கேன். எடுத்துச் சாப்பிடு. உன் மச்சான் அங்க அம்மா கையால நல்லாத் தின்னுட்டிருப்பாரு. என் சமையல அவருக்கு எங்க பிடிக்குது.”

தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையும் மாட்டிறைச்சியும். தின்றேன். முழுவதும்.

“டேய், வீட்டுக்கு அடில பன்னி நுழைஞ்சிருக்கு போல. காலைலருந்து தரைய இடிச்சுக்கிட்டே இருக்கு. பாத்து விரட்டு.”

குனிந்து பார்த்தேன். தரைக்கு அடியில் வறண்ட மண். ஒரு குளம்படிகூட இல்லை.

“ஓடிப்போச்சுக்கா” என்றேன்.

திங்கட்கிழமை காலை ஓவாக்காவிலிருந்து போன் வந்தது. எல்லாப் படகும் கிளம்பின. கெப்புவேலி நேராக அதே இடத்துக்குப் போனார். 7.10க்குக் கண்டுபிடித்தார். கழுகுக் கண் என்று ஊர் மெச்சியது. புதன்கிழமை பூசையில் பாதிரியார் அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். அவர் தலைகுனிந்து நின்றார். நானும் கூடவே நின்றேன்.

மொசேசே கவிழ்ந்த படகுக்குள் இருந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னது: படகு கவிழ்ந்தபோதே அடிபட்டுச் செத்திருக்கிறார். சனிக்கிழமை. இருட்டுவதற்கு முன்பே.

கெப்புவேலி என்னை மருத்துவமனைச் சுவரோரம் இழுத்துப்போனார். ஒரு வாரமாகக் கட்டியிருந்த மலம் இறங்கியவர்போல முகம்.

“கேட்டியா? சனிக்கிழமையே. நாம விட்டுட்டு வந்தது பொணத்த. நம்ம மேல ஒண்ணும் இல்ல.”

“அப்போ தட்டினது யாரு?”

“குட்டி” என்றார். சிரித்தார்.

பிணம் என்று தெரிந்தா விட்டுவிட்டு வந்தோம்? நாங்கள் விட்டுவிட்டு வந்தது உயிருள்ள ஆளை. அவர் முன்பே செத்திருந்தது அவர் செய்த வேலை; அதனால் நாங்கள் செய்தது மாறிவிடாது.

வெள்ளிக்கிழமை உரிமம் வந்தது.

பத்தாம் நாள் துக்கம் முடிந்தது. மாலை 6.15. எல்லாரும் போய்விட்டார்கள். நான் படியில். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா.

“அவரக் குளிப்பாட்டினது நான்தான்.”

“ம்.”

“வலது கை முட்டி நாலும் தேஞ்சு எலும்பு தெரிஞ்சுது. கழுவினேன். ஒரு சொட்டு ரத்தம் இல்ல. செத்ததுக்கு அப்புறம் பட்ட காயம்னு நர்ஸ் சொன்னா.”

நான் என் வலது கையை மடிக்குள் இழுத்துக்கொண்டேன்.

“அந்த ஞாயித்துக்கிழமை தரைய இடிச்சது பன்னி இல்லடா. நான் கவனிச்சுக் கேட்டேன். மூணு மூணாத் தட்டிச்சு. அப்புறம் வேற யாரோ இன்னொரு பக்கத்துலருந்து பதில் தட்டினாங்க. மூணு. அப்புறம் அஞ்சு. இரும்புச் சத்தம்.”

நான் தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன்.

“ரேடியோல ரெண்டாவது பாட்டு முடியறப்போ பதில் நின்னுபோச்சு. பத்தடிச்சுப் பத்து நிமிஷம் இருக்கும். அவரு நிறுத்தல. மறுநாள் உங்க படகு போய்ச் சேர்ற வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தாரு.”

உள்ளே பாய் சரசரத்தது.

“பதில் தட்டினது யாருடா?”

“தெரியலக்கா.”



6.22. நான் உட்கார்ந்திருந்த படிக்குக் கீழே...

டொக். டொக். டொக். டொக்.

... டொக்.

உள்ளே குழந்தை அழவில்லை. அக்கா நகரவில்லை. பலகைக்கு மிக அருகில் அவள் குரல் வந்தது.

“காது கேக்குதுல்ல? பதில் சொல்லு.”