மாமா என்னைக் கூட்டிப்போன சனிக்கிழமை

எங்கள் குடும்பத்தில் பொலிஸ் பதிவேட்டில் பெயர் ஏறிய ஒரே ஆள் என் மாமா. குற்றம், பிள்ளையைக் கொண்டுபோனது. அந்தப் பிள்ளை நான்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. டேனிஷ் நகரமான சில்க்போர்க்கில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சிறுவர் இல்லத்தில் இருந்தேன். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். ஊரில் போர் முடிகிற கட்டத்தில், வன்னியில் இருந்த தாய் தகப்பனிடமிருந்து அம்மாவுக்குத் தொலைபேசி வருவது நின்றது. அதோடு அம்மா வேலைக்குப் போவதையும் எனக்குச் சமைப்பதையும் விட்டுவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துவிட்டார். பள்ளிக்கூடம் நகரசபையான கொம்யூனுக்கு எழுதியது; கொம்யூன் என்னை இல்லத்தில் விட்டது. அம்மாவை அவருடைய தம்பி, அதாவது என் மாமா, நாட்டின் மறுபக்கத்தில் ஹ்விடோவ்ரேயில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்னையும் தானே வளர்ப்பதாக விண்ணப்பம் போட்டார். விசாரித்துச் சொல்கிறோம் என்று கடிதம் வந்தது.

வைகாசியில் போர் முடிந்தது. அந்தக் கிழமை அம்மா சாப்பாட்டைத் தொடவில்லை. பிள்ளையை ஒருக்கால் தாய்க்குக் காட்ட வேண்டும் என்று மாமா கொம்யூனுக்குப் போன் எடுத்துக் கேட்டார். கூட்டம் வைத்துத்தான் முடிவு சொல்லலாம், மூன்று கிழமை பொறுங்கள் என்றார்கள். மாமா மூன்று நாள் பொறுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் காரில் வந்து இறங்கினார். இல்லத்துப் பெரியவர்கள் தோட்டத்தில் நின்றார்கள். மாமா ஒரு பெட்டி நிறையப் பொரித்த ரோல்ஸைக் குசினி மேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு கடதாசியில் தன் பெயர், விலாசம், போன் நம்பர், நாளைக்குப் பின்னேரம் கொண்டுவந்து விடுவேன் என்ற உறுதி எல்லாம் எழுதிவைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். விலாசம் எழுதிவைத்துவிட்டுப் போன கள்ளன் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

"இவையளிட்டைக் கேட்டனீங்களா மாமா?"

"கொம்மா ஓமெண்டிட்டா. நான் தாய்மாமன். இதுக்கு மேல ஆரிட்டைக் கேக்கிறது பிள்ளை?"

எனக்கோ ஆத்திரம். அன்றைக்கு இல்லத்தில் பான்கேக் சுடும் நாள். மாவு கலக்க இந்தத் தடவை என் முறை. கடலுக்கு மேலே போகும் பெரிய பாலம் தாண்டும்வரை நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஹ்விடோவ்ரேயில் அம்மா என்னைக் கண்டதும் படுக்கையால் எழும்பி வந்தார். சீப்பைத் தேடி எடுத்து என் தலையை இழுத்து இழுத்து வாரினார். பிறகு புட்டும் முட்டைப்பொரியலும் குழைத்து எனக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று சாப்பிட்டார். மாமா குசினி வாசலில் நின்று பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்ததை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

சாப்பாடு முடியுமுன் மணி அடித்தது. இரண்டு பொலிஸ்காரர். நல்ல மனிதர்கள், சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அம்மா கை கழுவும்வரை காத்திருந்துதான் என்னைக் கூட்டிப்போனார்கள்.

சில நாள் கழித்து, பொம்மைகள் நிறைந்த ஓர் அறையில் பொலிஸ் பெண் ஒருவர் என்னிடம் கேட்டார், மாமாவோடு போக உனக்கு விருப்பமாக இருந்ததா என்று. இல்லை என்றேன். ஏன் என்றார். பான்கேக் கதையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பக்கத்தில் இருந்த பொம்மையை எடுத்து விளையாடத் தொடங்கினேன்.

அந்த "இல்லை" நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது என்று வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். தாயே சம்மதித்தாலும், கொம்யூனின் பொறுப்பில் இருக்கும் பிள்ளையைக் கொண்டுபோவது குற்றம் என்று தீர்ப்பு. மாமாவுக்கு நிபந்தனைச் சிறைத்தண்டனை. மறுபடி ஏதும் செய்தால் உள்ளே போகவேண்டும். என்னை வளர்க்கக் கேட்ட விண்ணப்பமும் அதோடு விழுந்தது. அம்மா தேறிவர எடுத்த இரண்டு வருடமும் நான் இல்லத்திலேயே இருந்தேன்.

மாமா மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம் என்னைப் பார்க்கலாம். மூலையில் கொம்யூன் பெண் ஒருவர் குறிப்புப் புத்தகத்தோடு இருப்பார். அவருக்கு விளங்கும்படி டேனிஷில் மட்டும்தான் கதைக்கவேண்டும் என்பது கட்டளை. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் டேனிஷில் வாய் திறந்தபோதெல்லாம் "தமிழில கதை பிள்ளை" என்று மல்லுக்கட்டிய மனுஷன், முதல் தடவை வந்தபோதே தொழிற்சாலையில் பொறுக்கிய டேனிஷில் தட்டித் தடவி, பல் விழுந்ததா, இரவில் நித்திரை வருகிறதா என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். போகும்போது என் தலையில் கைவைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூலையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ஒருவழியாக மாமா என் வழிக்கு வந்துவிட்டார், நான்தான் வென்றேன் என்று பெருமையோடு போய்ப் படுத்தேன்.