ஊர்ப்பெயர் எழுதிய பார்சல்

கல்யாணமான முதல் வருடம் அது. அவர் ராணுவத்தில் இருந்தார். நான் தேவிகுளத்துக்குப் பக்கத்தில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசைவீடான லயத்தில், அவருடைய அம்மாவோடு. புரட்டாசியில் அவரைப் பனிமலை முகாமுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது.

"ஐப்பசி முடியறதுக்குள்ள பாதை மூடிரும். அதுக்கு முந்தி வர்ற பார்சலத்தான் மேல கொண்டு போக முடியும். விட்டா சித்திரைதான்," என்றார் போனில்.

அத்தை கொழுந்து கிள்ளிவிட்டு வந்த கையோடு சின்ன வெங்காயத் தொக்கு கிண்ட உட்கார்ந்தார். பருப்புப்பொடி, பூண்டு ஊறுகாய், பாக்டரித் தேயிலைத்தூள் எல்லாம் சேர்ந்தன. கடைசியில், மழையில் தலைமேல் போட்டுக்கொள்ள எஸ்டேட்டில் கொடுத்த புதுக் கம்பளியையும் எடுத்துவந்தார்.

"பட்டாளத்துல நல்ல கம்பளியே குடுப்பாங்க அத்தை."

"குடுப்பான், குடுப்பான். இங்கனயும்தான் பூட்ஸு குடுக்கான். காலு நனையாமலா இருக்கு?"

காடாத்துணியில் சுற்றி, கோணி ஊசியால் அவரே தைத்தார். முகவரி என் வேலை. என் பிறந்த வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரேஷன் கார்டு, பென்ஷன் என்று லயத்து விண்ணப்பமெல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். அதில் எனக்குப் பெருமை, இன்றும் உண்டு.

அவர் சொன்ன விலாசத்தில் அவருடைய எண், படைப்பிரிவு, ராணுவத் தபால் எண் மட்டுமே இருந்தன. ஊர் இல்லாமல் ஒரு விலாசமா? அவசரத்தில் விட்டுவிட்டார் என்று நினைத்து, அவர் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்ன மலையடிவார ஊரையும் மாநிலத்தையும் தடித்த எழுத்தில் சேர்த்தேன்.

"பாருட்டி, முத்து முத்தா எழுதியிருக்கா," என்று அத்தை பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காட்டிவிட்டுத்தான் தபாலாபீசுக்கே விட்டார்.

கார்த்திகையில் பார்சல் திரும்பி வந்தது. ஊர்ப்பெயரைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். படை எங்கே இருக்கிறது என்பது வெளியே தெரியக்கூடாது, அதனால் ஊர் எழுதவே கூடாது என்பது தபால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் எழுதிய ஊருக்குப் போய், அங்கே இங்கே அலைந்து வந்திருக்கிறது. அதற்குள் பாதை மூடிவிட்டது.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர் மேல் பழியைப் போட்டிருக்கலாம். கொஞ்ச நேரம் அப்படித்தான் யோசித்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"எழுதத் தெரியாதவ யாரையாச்சும் பாத்து எழுதச் சொல்லியிருந்தா போய்ச் சேந்திருக்கும்போல," என்றார் அத்தை. என் கண் கலங்கியதும், "சரிட்டி, அழாத. நானும்தான ஊரெல்லாம் காட்டிப் பீத்துனேன்."

அடுத்த வாரம் சாட்டிலைட் போனில் அவர் கூப்பிட்டார். சில நிமிடம்தான் கிடைக்கும். ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டேன்.

அவர் சிரித்தார். "பெரிய படிப்பாளி! எங்க சுபேதார்ட்ட சொன்னா என்னையக் குழி தோண்டிப் புதைச்சிருவாரு. சரி, உள்ள என்னல்லாம் வச்சிருந்தீங்க? சொல்லு."

நான் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். அத்தை பக்கத்தில் நின்று, "எண்ணெய் மிதக்க மிதக்கக் கிண்டுனேன்னு சொல்லு, காரம் கம்மின்னு சொல்லு," என்று இடையில் புகுந்துகொண்டே இருந்தார். பாதியில் தொடர்பு அறுந்துவிட்டது.

"எதுவரைக்கும் கேட்டிருப்பான்?" என்றார் அத்தை.

தெரியவில்லை. அடுத்த அழைப்பு வர ஒன்பது நாளானது. நான் முதலிலிருந்தே சொன்னேன்.